கோட்டுக்கு அப்பால் நின்றவர்

போன மாதம் நம் பழைய பள்ளிக்கூட அணி கூடியபோதும் அதே கதைதான். சோறு முடிந்து தேத்தண்ணி வருவதற்குள் உங்களில் ஒருவர் உப்புக் குப்பியை மேசையில் வைத்து, கரண்டியைக் கோடாகப் போட்டு, "இப்ப சொல்லுங்கோ, இவளின்ரை கால் உள்ளையோ, வெளியிலையோ?" என்று தொடங்கிவிட்டீர்கள். முப்பதை எட்டிப்பிடிக்கிற வயதில், பன்னிரண்டு வயதில் நான் பிடித்த ஒரு பந்துக்காக இன்னும் அடிபடுகிறீர்கள். நானும் வழமைபோலச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இனிச் சிரிக்க ஏலாது. எழுதிவிடுகிறேன். நடுவர் சொன்னது சரி. என் குதிக்கால் கோட்டில் பட்டது. அதை அந்த மாதமே நான் வடிவாகப் பார்த்துவிட்டேன். இத்தனை வருடமாக உங்களை ஏமாற்றியதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், ஆனால் முழுவதையும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள். நான் சொல்ல வந்தது என் காலைப் பற்றி இல்லை. அந்தக் கோட்டுக்கு அப்பால் நின்ற ஒருவரைப் பற்றி.

அது ஊரில் யுத்தம் முடிந்த வருடம். வசந்தம் முழுக்கப் பெரியவர்கள் தெருவில் பதாகைகளோடு நின்றார்கள். கோடையில் வீட்டுக்குள் ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருந்தார்கள். செப்டெம்பரில் பள்ளிக்கூடம் தொடங்கியபோது, பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா ஷப்பல் முழுவதும் சாவீடு மாதிரி மெதுவாகக் கதைத்தது. கடைகள் திறந்திருந்தன, கத்தரிக்காயும் முருங்கைக்காயும் வந்து இறங்கின, கார் து நோர் ரயில் நிலையப் பக்கமிருந்து சனிக்கிழமைச் சனம் பைகளோடு வந்தது. ஆனால் யாரும் யாரையும் "ஊரிலை எல்லாரும் சுகமோ?" என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வி இல்லாமல் எங்கள் ஆட்களுக்கு ஒரு கதையைத் தொடங்கத் தெரியாது என்பதை அந்த வருடம்தான் கண்டேன்.

நமக்கு அதெல்லாம் எங்கே உறைத்தது? நமக்குப் புதிதாக ஒரு விளையாட்டு வாத்தியார் வந்திருந்தார். மனுசன் அமெரிக்காவில் இரண்டு வருடம் இருந்துவிட்டு, அந்த நாட்டு ஃபுட்போலைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். ஆளை ஆள் மோதி விழுத்துகிற விளையாட்டை நம்மைப் போன்ற நோஞ்சான்களுக்குத் தரமாட்டார்கள் என்பதால், இடுப்புப் பட்டியில் இரண்டு நாடா தொங்கவிட்டு அதை இழுத்தால் பிடிபட்ட மாதிரி என்கிற சிறுவர் ஆட்டம். பெட்டையும் பெடியனும் கலந்த அணி. நாடாவை இழுக்கும்போது 'டப்' என்று ஒரு சத்தம் வருமே, அது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. பந்தைப் பார்த்துவிட்டுப் பெரியப்பா, "உதென்ன, பப்பாப்பழத்துக்குத் தையல் போட்டிருக்கு?" என்று கேட்டார்.

பெரியப்பாவை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கலியாணம், பெட்டைகள் பெரியபிள்ளை ஆனதைக் கொண்டாடும் சாமத்தியவீடு எல்லாவற்றுக்கும் கமெராவோடு வந்து, மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே வெளிச்சம் பிடித்து அவரை வியர்க்கவைக்கும் அந்த வீடியோக்காரர். அவருடைய கடைக்கு மேல்மாடியில்தான் எங்கள் வீடு. பெரியம்மா, அதாவது என் அம்மாவின் தமக்கை, கடைக்குப் பின்னால் யன்னல் இல்லாத ஓர் அறையில் இருந்து அந்த வீடியோக்களை வெட்டி ஒட்டுவார். தாலி ஏறுகிற கணத்தில் யாராவது கொட்டாவி விட்டால் அதைப் பிறேம் பிறேமாகப் பார்த்து எடுத்துவிடுவார். ஒரு செக்கனுக்கு இருபத்தைந்து படம். அந்த இருபத்தைந்தையும் தனித்தனியாகப் பார்க்கிற கண் அவருக்கு.

அவர்களுக்கு ஒரே மகன். எனக்கு அண்ணன் முறை. அவர் வன்னியில் இருந்தார். சின்ன வயதில் அவரை மாமனார் வீட்டுப் பொறுப்பில் விட்டுவிட்டு இவர்கள் இருவரும் பிரான்ஸ் வந்தார்கள். வதிவிடக் காட் கிடைத்ததும் கூப்பிடலாம் என்று இருந்தார்கள். காட் கிடைக்க ஏழு வருடம் ஆனது. அதற்குள் யுத்தத்தில் வன்னிப் பாதை பூட்டிவிட்டது. நான் அந்த அண்ணாவைக் கண்டதே இல்லை. கடையில் சாமிப்படங்களுக்குப் பக்கத்தில், சாமிப்படம் ஆகாமல், கொஞ்சம் தள்ளி ஒரு படம் மாட்டியிருந்தது. வெள்ளைச் சேட்டு, கை இரண்டையும் பின்னால் கட்டி, தலையை இடப்பக்கம் சாய்த்து நிற்கிற பெடியன்.

மே மாதத்துக்குப் பிறகு பெரியம்மாவுக்கு இரண்டு வேலை. காலையில் கலியாண வீடியோ. மத்தியானத்துக்குப் பிறகு முகாம் வீடியோ. முள்ளுக்கம்பிக்குப் பின்னால் சனம் இருக்கிற, தண்ணீருக்கு வரிசையில் நிற்கிற படங்களை எங்கெங்கோ இருந்து எடுத்து அதே கொம்பியூட்டரில் போட்டு, அதே விரலால் ஒவ்வொரு பிறேமாகத் தள்ளுவார். டிக். டிக். டிக். பள்ளிக்கூடத்தால் வந்து படியேறும்போது அந்தச் சத்தம் சுவருக்குள் இருந்து கேட்கும். நான் அந்தக் கதவைக் கடக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். பெரியம்மா அழுததே இல்லை. அழாத மனுசிக்கு நான் ஏன் பயந்தேன் என்று அப்போது விளங்கவில்லை.

யுத்தம் முடியுமுன் வன்னியிலிருந்து தப்பி வந்து ஒரு றெஸ்ரோரண்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த ஓர் அண்ணை கோடையில் கடைக்கு வந்து, பெரியப்பாவிடம் குனிந்த தலையோடு ஒரு செய்தி சொல்லிவிட்டுப் போனார். மகன் இருந்த பங்கர் மண்மூடிப் போனதைத் தான் தூரத்திலிருந்து கண்டதாக. உடலைக் கண்டீர்களா என்று பெரியம்மா கேட்டார். இல்லை என்றார். "அப்ப என்னத்தைக் கண்டனீங்கள்?" என்று கேட்டுவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். டிக், டிக் தொடங்கியது.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன்.

ஐப்பசி, புதன்கிழமை. லெ பிளாங்-மெனில் பக்கத்து மைதானம். மழை பெய்து விட்டிருந்தது. புல்லில் கோடுகள் புதிதாகக் கீறியிருந்ததால் சுண்ணாம்பு நம் சப்பாத்துகளில் ஒட்டியது. பெரியப்பா புதுக் கமெரா ஒன்று வாங்கி, ஓடுகிற ஆட்களை அது எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்க வந்திருந்தார். வேறு பெற்றோர் யாரும் வரவில்லை. எங்கள் பெற்றோர் எப்போது வந்தார்கள்?

கடைசி ஆட்டம், நாம் நாலு புள்ளி பின்னால். பந்து மூலைக்கு வந்தது; கோட்டுக்குள் பிடித்தால் ஆறு புள்ளி, வெற்றி. நான் பின்னோக்கி ஓடிக்கொண்டே கையை நீட்டினேன். பிடித்தேன். சத்தியமாகப் பிடித்தேன், அதில் பொய் இல்லை. அடுத்த கணம் நீங்கள் எல்லாரும் கத்தியது கேட்டது. பிறகு நடுவர், அந்தக் கோடு போட்ட சேட்டுக்காரர், இரண்டு கைகளையும் தாழ்த்திக் குறுக்காக வீசினார். வெளியே. செல்லாது. நம் கத்தல் அப்படியே அடங்கியது. பெரியப்பா கமெராவைத் தோளில் வைத்தபடி மைதானத்துக்குள் ஓடி, பாதி பிரெஞ்சிலும் பாதித் தமிழிலும், "மிஸ்யூ! கண் தெரியாதோ உமக்கு?" என்று கத்தினார். நடுவர் சிரித்துவிட்டுக் கோட்டைச் சுட்டிக்காட்டினார். அந்த விளையாட்டில் கோடே வெளிதான். கோட்டில் பட்டால் வெளியே விழுந்தமாதிரி.

திரும்பி வரும்போது ஆர்.ஈ.ஆர் ரயிலில் வாத்தியார் நம்மைச் சமாதானப்படுத்தினாரே, ஞாபகம் இருக்கிறதா? பெரியவர்களின் ஆட்டத்தில் என்றால் வீடியோவைத் திருப்பிப் பார்ப்பார்கள் என்றார். வீடியோவில் யாராலும் மறுக்க முடியாதபடி தெளிவாகத் தெரிந்தால் தீர்ப்பு மாறும். தெளிவில்லை என்றால், மைதானத்தில் முதலில் என்ன சொன்னார்களோ அதுதான் நிற்கும். நீங்கள் பாதிப் பேர் அப்போது சிப்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். நான்தான் கவனமாகக் கேட்டேன். என்னிடம்தான் வீடியோ இருந்தது.

பெரியப்பா அந்தக் கசெற்றைக் கடை ரெலிவிஷனில் போட்டுவிட்டார். போன் காட் வாங்க வந்தவர்களும் கலியாண அல்பம் எடுக்க வந்தவர்களும் நின்று பார்த்தார்கள். பல மாதமாக வாயைத் திறக்காத மனிதர்களுக்கு ஒரு வழக்கு கிடைத்துவிட்டது. ஊரில் கரப்பந்து ஆடிய ஒரு மாமா, "கோடு எண்டால் உள்ளைதான்! பந்து கோட்டிலை விழுந்தால் புள்ளியில்லையோ? இவங்களுக்கு மட்டும் என்ன புதுச் சட்டம்?" என்று குதித்தார். பக்கத்துப் பலசரக்குக் கடைக்காரர் விடவில்லை. "கிளித்தட்டை யோசி. கோடு ஆருக்குச் சொந்தம்? மறிக்கிறவனுக்கு. பிள்ளை கோட்டிலை கால் வைச்சால் அவ்வளவுதான், வெளிய போ!" என்றார். கையை ஆட்டிக் கத்தினார்கள், நிலத்தில் சோக்கால் கோடு கீறினார்கள், ஒருவர் சப்பாத்தைக் கழற்றி நடித்தே காட்டினார். ஒரு கிழமை அந்தக் கடையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அமெரிக்கர் ஆடுகிற விளையாட்டுக்கு யாழ்ப்பாணத்துச் சட்டத்தில் தீர்ப்பு. எனக்கு என்ன பெருமை என்கிறீர்கள்! என் காலைப் பற்றி லா ஷப்பல் பேசுகிறது.

சனிக்கிழமை பின்னேரம் கரப்பந்து மாமாதான் சொன்னார். "ஏன் நாங்கள் கிடந்து மாயிறம்? அக்காவைக் கூப்பிடுங்கோ. அவவின்ரை கண்ணுக்குத் தப்புமே?"

பெரியப்பா தயங்கினார். ஆனால் பெரியம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார், கதவைத் திறந்துகொண்டு வந்தார். "உள்ளை கொண்டு வாங்கோ," என்றார். நாலைந்து பேர் அந்தச் சின்ன அறைக்குள் நெருக்கிக்கொண்டு நின்றோம். இயந்திரச் சூடும், சாம்பிராணியும், ஈரக் குளிர்க்கோட்டுகளின் மணமும். திரையில் நான் பின்னோக்கி ஓடினேன். டிக். என் கை உயர்ந்தது. டிக். பந்து விரலைத் தொட்டது. டிக். எல்லாரும் என் காலைப் பார்த்தார்கள்.

பெரியம்மாவின் விரல் நின்றது. அவர் என் காலைப் பார்க்கவில்லை. திரையின் மேல் மூலையைப் பார்த்தார்.

"இதிலை நிக்கிறது ஆர்?"

கோட்டுக்கு அப்பால், மைதான வேலிக்கு உட்பக்கம், ஒருவர் நின்றார். கறுப்போ நீலமோ தெரியாத உடுப்பு. முகம் நகத்தளவு, அதுவும் கலங்கல். கை இரண்டும் பின்னால். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

பெரியம்மா தள்ளினார். டிக். நின்றார். டிக். நின்றார். நான் எண்ணினேன், ஏழு பிறேம். எட்டாவதில் எதிரணிப் பெடியன் ஒருவன் குறுக்கே ஓடினான். ஒன்பதாவதில் வேலி மட்டும் இருந்தது. ஆள் இல்லை. ஓடிப் போகிற, திரும்பிப் போகிற அசைவு ஒன்றும் இல்லை. பெரியம்மா பின்னோக்கித் தள்ளினார். ஏழு பிறேமுக்கு முன்னாலும் வேலி மட்டும்தான்.

"ஆரும் வழிப்போக்கனாயிருக்கும்," என்றார் பெரியப்பா.

"கமெராவைப் பிடிச்சது நீங்கள். கண்டனீங்களோ?"

"இல்லை. நான் அங்கை ஒருத்தரையும் காணேல்லை." சொல்லிவிட்டு அதைச் சொல்லியிருக்கக்கூடாது என்று அவருக்கே விளங்கியது. அந்தப் பக்கம் வேலியில் வாசல் கிடையாது, பின்னால் ரயில்பாதை. நமக்கெல்லாம் அது தெரியும். கரப்பந்து மாமா செருமினார். பலசரக்குக் கடைக்காரர் கடையில் ஆள் இல்லை என்று சொல்லிக்கொண்டு வெளியே போனார். ஒவ்வொருவராகப் போனார்கள். என் காலைப் பற்றி அதன் பிறகு அந்தக் கடையில் ஒருவரும் கதைக்கவில்லை.

மூவர் மட்டும் மிஞ்சினோம். பெரியப்பா பெரியம்மாவின் தோளில் கை வைத்தார். "இஞ்சேரும், பிள்ளை போயிட்டான். கண்ட சாட்சி இருக்கு. செய்யவேண்டியதைச் செய்வம். இப்பிடி நிழலைப் பாத்துப் பாத்து நீரும் போயிடுவீர்."

பெரியம்மா என்னைக் கேட்டார். "பிள்ளை, உங்கடை விளையாட்டிலை, வீடியோவிலை வடிவாத் தெரியாட்டி என்ன செய்வினம்?"

எனக்குப் பாடம் ஒப்புவிக்கிற சந்தோசம். "முதல் என்ன தீர்ப்புச் சொன்னவையோ அதுதான் நிக்கும், பெரியம்மா. மாத்திறதெண்டால் ஒருத்தரும் மறுக்கேலாத ஆதாரம் வேணும்."

அவர் கணவரிடம் திரும்பினார். "கேட்டியளோ? அவன் இருக்கிறான் எண்டு நான் முதல் சொல்லிப்போட்டன். மாத்திறதெண்டால் நீங்கள் ஆதாரம் கொண்டு வாங்கோ."

பெரியப்பா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. கோபம் இல்லை. பிள்ளை கையில் யாரோ கத்தியைக் கொடுத்துவிட்டார்கள் என்பதுபோல ஒரு பார்வை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் நீங்கள் என்னைச் சூழ்ந்துகொண்டீர்கள். "உன்ரை பெரியம்மா என்ன சொன்னவ? உள்ளையாமோ?" பாதிப் பேர் நான் ஆட்டத்தைத் தொலைத்தவள் என்று ஏற்கெனவே முடிவுகட்டி, மத்தியானச் சாப்பாட்டில் எனக்குப் பக்கத்தில் இருக்க மறுத்தீர்கள். மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை. பின்னேரம் வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடாமல், அந்தக் கதவைத் தட்டினேன்.

பெரியம்மா தனியாக இருந்தார். திரையில் அதே படம் நின்றுகொண்டிருந்தது, நிறுத்திவைத்த வீடியோவுக்கு ஒரு நடுக்கம் உண்டே, அந்த நடுக்கத்தோடு. அந்த ஆள் குளிரில் நடுங்குகிறமாதிரி இருந்தது. நான் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு கீழே என் காலைத் தேடினேன். தெரிந்தது. வலக் குதிக்கால், அதற்குக் கீழே வெள்ளை. சுண்ணாம்பு சிதறியதுகூடத் தெரிந்தது. வாத்தியார் சொன்ன மறுக்க முடியாத ஆதாரம் என்பது அதுதான்.

"நீ அவனுக்கு நேரை ஓடிப் போனனீ," என்றார் பெரியம்மா. "ரண்டு பாகம் தூரம்கூட இல்லை. உனக்குத்தான் எல்லாரிலும் கிட்ட. அண்ணாவைக் கண்டனீயோ?"

நான் வானத்தையும் பந்தையும் தவிர ஒன்றையும் காணவில்லை.

"சொல்லு குஞ்சு. பயப்பிடாதை. அண்ணா அங்கை நிண்டவரோ?"

இத்தனை வருடத்தில் அதை எத்தனை விதமாக நியாயப்படுத்திப் பார்த்திருக்கிறேன். பாவம் என்று நினைத்தேன், பயந்தேன், சின்னப்பிள்ளை. எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உண்மை. ஆனால் முழு உண்மை வேறு. அவர் வாயால் "உள்ளே" என்ற சொல் வரவேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. லா ஷப்பலில் அந்தக் கண்ணை மறுக்க ஆள் கிடையாது. நான் இல்லை என்று சொன்னால் அவரும் இல்லை என்று சொல்லிவிடுவார் என்று, எந்தக் கணக்கில் என்று தெரியாது, நினைத்தேன்.

"ஓம்," என்றேன். "நிண்டவர். என்னைப் பாத்துச் சிரிச்சவர்."

சிரித்ததையும் சேர்த்துச் சொன்னேன் பாருங்கள்.

பெரியம்மா என் கன்னத்தை உள்ளங்கையால் மூடினார். கை இயந்திரத்தின் சூட்டோடு இருந்தது. "உன்ரை கால் உள்ளைதான்," என்றார். திரையைப் பார்க்காமலே சொன்னார்.

அடுத்த நாள் நீங்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு முற்றத்தைச் சுற்றினீர்கள். அந்தச் சந்தோசத்தை நான் அனுபவித்தேன் என்பதையும் ஒளிக்கவில்லை.

பெரியப்பாவும் அந்தக் கிழமை ஒரு காரியம் செய்தார். நல்லதுக்கென்றுதான் செய்தார். கொம்பியூட்டரில் இருந்ததை அழித்துவிட்டு, அந்தக் கசெற்றை எடுத்துக்கொண்டு போய், புறநகரான கூசேன்வில்லில் நடந்த ஒரு சாமத்தியவீட்டை அதன் மேலேயே பதிந்துவிட்டார். நிழல் போனால் மனுசி தெளிந்துவிடுவார் என்று நினைத்திருக்கிறார். நான் சின்னவளாக இருந்தபோது அது கொடுமை என்று நினைத்தேன். இப்போது நினைக்கிறேன், அது கொடுமையைவிடப் பெரிய பிழை. அந்தப் படம் இருந்திருந்தால், பத்து வருடம் கழித்தாவது யாராவது நல்ல இயந்திரத்தில் போட்டுப் பெரிதாக்கி, இது வேறு ஆள் என்று காட்டியிருப்பார்கள். இல்லாவிட்டால் அது ஒரு கம்பத்தின் நிழல் என்று காட்டியிருப்பார்கள். ஆதாரத்தை அழித்த பிறகு மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை. என் வாய் மட்டும்தான் மிச்சம். பெரியம்மா சண்டை பிடிக்கவில்லை. அந்தச் சாமத்தியவீட்டை இரண்டு நாள் இருந்து பிறேம் பிறேமாகப் பார்த்தார், ஆலாத்தித் தட்டு எடுக்கிற பெண்களுக்குப் பின்னால் மகன் நிற்கிறாரா என்று. பிறகு முகாம் வீடியோக்களைப் பார்ப்பதையும் விட்டுவிட்டார்.

அதற்குப் பதில் புதன்கிழமைகளில் ஆர்.ஈ.ஆர் ஏறி அந்த மைதானத்துக்குப் போகத் தொடங்கினார். ஒரு பெட்டியில் சோறும் கறியும். நாம் அந்த அணியைக் கலைத்துவிட்டோம், வாத்தியாருக்கு மாற்றம் வந்துவிட்டது, அவர் மட்டும் போனார்.

அடுத்த வருடம் ஒரு புதன்கிழமை அவருக்குக் காய்ச்சல். இருமிக்கொண்டே குளிர்க்கோட்டைப் போட்டவரை அம்மா மறித்து, "நீ போய்ப் பாத்திட்டு வா, அப்பதான் இவ படுப்பா," என்று என்னை அனுப்பினார். பெட்டியும் என் கையில். மத்தியானம் இரண்டு மணி, ஆனால் பனிப்புகார் மூடி, கோல் கம்பங்கள்கூடத் தெரியவில்லை. மைதானத்தில் கோடு கீறுகிற மனிதர் மட்டும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். புகாருக்குள் இருந்து முதலில் அந்த வெள்ளைக் கோடுதான் வந்தது, பிறகு வண்டி, பிறகு அவர். என்னையும் பெட்டியையும் பார்த்துவிட்டு அன்பாகக் கேட்டார்.

"அம்மா வரவில்லையா?"

"பெரியம்மா. அவருக்குச் சுகமில்லை."

"ஓ. அப்படியென்றால் உன் அண்ணனும் வரமாட்டார், இல்லையா?"

"எந்த அண்ணன்?"

"அவரோடு நிற்பவர்." அவர் வண்டியை நிறுத்திவிட்டு, மூலைப் பக்கம் தலையை ஆட்டினார். பிறகு இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக் காட்டினார். "இப்படி. நல்ல பையன். கதைக்கமாட்டார்."

பெரியம்மா அவரிடம் படத்தைக் காட்டியிருப்பார். இல்லாவிட்டால் கையால் நடித்துச் சொல்லியிருப்பார், பிரெஞ்சு வராத இடத்தில் அவர் அப்படித்தான் கதைப்பார். நான் எனக்கு இப்படி ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு, பெட்டியைப் புல்லில் வைத்தேன். எழும்பும்போது, நான் பந்து பிடித்த அந்த மூலை எனக்கு நேரே இருந்தது. புகார் அங்கே மட்டும் கொஞ்சம் கறுத்திருந்தது. நான் பார்க்கவில்லை. ஓடினேன். ஸ்ரேசன் வரை ஓடினேன். ஆர் கண்டது என்று கேட்டால் ஓம் நான்தான் என்று சொன்ன வாய், அன்று வீட்டுக்கு வந்து, "ஒருத்தரும் இல்லை," என்றது. பெரியம்மா போர்வைக்குள் இருந்து, "உனக்குப் பயம். அதுதான் வரேல்லை," என்றார்.

உண்மையைச் சொல்ல எத்தனையோ தரம் போனேன். பதினைந்து வயதில் ஒருதரம், பரீட்சை பாஸ் பண்ணிய அன்று ஒருதரம். ஒவ்வொரு தடவையும் அவர் என்னைக் கண்டதும் எழும்பி வந்து, வேறு யாருக்கும் தராத இடத்தை எனக்குத் தந்தார். மகனைக் கடைசியாகக் கண்ட பிள்ளை நான். அந்த மரியாதையை எப்படி உதறுவது? உதற மனமும் வரவில்லை, அதுவும் உண்மை.

பன்னிரண்டு வருடம் போனது. கடையை விற்றுவிட்டுக் கூசேன்வில் பக்கம் போய்விட்டார்கள். பெரியப்பாவுக்கு நெஞ்சில் இரண்டு தரம் வெட்டித் தைத்தார்கள். இரண்டாம் தரம் ஆஸ்பத்திரியால் வந்தபோது அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். தனக்கு முன்னால் மகனுக்குச் செய்துவிடவேண்டும். காணாமற் போனவருக்குப் பன்னிரண்டு வருடம் செய்தி இல்லையென்றால் தர்ப்பையால் ஓர் உருவம் செய்து எரித்துக் கிரியை செய்யலாம் என்று ஐயர் சொல்லியிருந்தார். பெரியம்மா நாலு நாள் கழித்துச் சம்மதித்தார். ஒரு நிபந்தனையோடு.

"யுத்தம் முடிஞ்ச நாளிலை இருந்து எண்ணக் கூடாது. அதுக்குப் பிறகும் அவன் நிண்டவன். கண்ட நாளிலை இருந்துதான் எண்ணவேணும். அந்த நாளுக்குத்தான் திவசம். வேற நாள் எண்டால் எனக்குக் கிரியை வேண்டாம்."

அதனால் என்னையும் கூப்பிட்டார்கள். நான் ஆர்.ஈ.ஆரில் போகும்போது முழுவதும் மனதுக்குள் சொல்லிப் பழகினேன். நான் காணேல்லை. நான் ஒருத்தரையும் காணேல்லை. சின்ன வசனம்தான். அண்ணனின் சாவுக்கு என் பொய்யை நாளாக வைக்க விடக்கூடாது என்று உறுதியாகத்தான் போனேன்.

ஐயர் பஞ்சாங்கத்தை விரித்துக்கொண்டு இருந்தார். பெரியப்பா கட்டிலோரம் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார், மூச்சு இழுத்தது. பெரியம்மா நிலத்தில், எனக்கு எதிரே.

"மகனைக் கடைசியாக் கண்டது ஆர்?" என்று ஐயர் கேட்டார்.

பெரியம்மா என்னைக் காட்டினார்.

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ, பிள்ளை. நான் எழுதினால் பிறகு மாத்தேலாது."

நான் வாயைத் திறந்தேன். அப்போது பெரியம்மா கேட்டார். "அண்டைக்கு நீ கண்டனீ தானே?"

பன்னிரண்டு வருடமாக அவர் அதைச் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். என்னைக் கேட்டதில்லை. அந்தக் குரலில் கெஞ்சல் இருந்தது. ஒரு கணம் எனக்கு மகன் உயிரோடிருப்பதாகச் சொல்லும்படி கெஞ்சுகிறாரோ என்றிருந்தது. பிறகு முகத்தைப் பார்த்தேன். களைத்துப்போன முகம். இந்த மனுசிக்குப் போதும் என்று இருந்தது. நான் காணவில்லை என்று சொன்னால் நாள் கிடையாது. நாள் இல்லையென்றால் கிரியை கிடையாது. கிரியை இல்லையென்றால் அடுத்த புதன்கிழமையும் சோற்றுப் பெட்டியோடு அவர் அந்த மைதானத்துக்குப் போகவேண்டும், கால் இழுபடும் வரைக்கும், அதற்குப் பிறகும். மகனை இத்தனை நாள் உயிரோடு வைத்திருந்த என் பொய்யை, இப்போது அந்த மகனைச் சாகவிடுவதற்கு இன்னொரு தடவை சொல்லும்படிதான் கேட்கிறார்.

"ஓம் பெரியம்மா," என்றேன். "கண்டனான்."

ஐயருக்கு மாதத்தையும் கிழமையையும் சொன்னேன். அவர் விரல் விட்டு எண்ணி, திதியைப் பார்த்து எழுதினார். பேனை தாளில் உரசியது கேட்டது. பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் எழுதி முடித்ததும் பெரியம்மா அழத் தொடங்கினார். யுத்தம் முடிந்தபோது அழாத, கசெற் அழிந்தபோது அழாத மனுசி, நெஞ்சில் அடித்து, "என்ரை ராசா, என்ரை ராசா," என்று ஊருக்குக் கேட்க அழுதார். நான் போய்ப் பிடித்தேன். என் கை அவரைச் சுற்றியிருந்தது, ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலால், எனக்குப் பின்னால், கதவடியைப் பார்த்து அழுதார். கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் தணிந்தது. பிறகு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை வழியனுப்புகிற சாதாரணக் குரலில், "போ ராசா," என்றார். "இனிப் போ."

நான் திரும்பிப் பார்க்கவில்லை.